அப்பாவின் வயிற்று வலி

“மெதுவா வாங்கப்பா. என்னைப் பிடிச்சுக்கோங்க” என்றாள் பதினைந்து வயது லூப்பே.

மலை மாதிரி இருந்த அவள் அப்பா செமிசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முனகியபடியே நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தார்.

“சர்ச் விருந்துல பன்றிக்கறியை அந்த வெட்டு வெட்டினா, வயிறு சும்மா இருக்குமா?”

“திட்டாதேடி கண்ணு. நீ கூட வந்ததுலேயே பாதி வலி போயிடுச்சு.”

“மீதிப் பாதியை டாக்டர் பார்த்துக்குவார்.”

மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் நிமிர்ந்தார். “சொல்லுங்க, என்ன செய்யுது?”

செமிசி மகளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியது.

லூப்பே முந்திக்கொண்டாள். “அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். கொஞ்ச நாளா உயிரோட இருக்கவே பிடிக்கல. இன்னைக்கு ரொம்ப பயமா இருக்கு. அதைக் கவனிச்சுட்டு, என்னைக் கூட்டிட்டு வரத்தான் அப்பா வயித்து வலின்னு நடிக்கிறார்.”

செமிசி திகைத்துப்போனார். “உனக்கு எப்பம்மா தெரியும்?”

“வீட்டுலயே தெரியும். முதல்ல இடது பக்கம் வலின்னீங்க. கார் சாவியை எடுக்கும்போது வலது பக்கத்தைப் பிடிச்சீங்க.”

“தெரிஞ்சும் ஏன் வந்தே?”

“கூட்டிட்டுப் போங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலப்பா. நீங்க கூப்பிட்டதும் ஓடி வந்து கார்ல ஏறிட்டேன்.”

நர்ஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். “நல்ல வேளை வந்தேம்மா. பிள்ளைங்களைப் பார்க்கிற மனநல டாக்டரை இப்பவே கூப்பிடுறேன். உள்ளே தனியா வர்றியா, அப்பாவும் வரணுமா?”

“அப்பாவும் வரணும்” என்று செமிசியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் லூப்பே.