வார்டில் ஒரு சத்தம்

அம்பலவாணருக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்த எட்டாம் நாள், கவனிப்பு எப்படி என்று கேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நீட்டினார்கள். டாக்டர், நர்ஸ், இட்லி எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பத்துக்குப் பத்து போட்டார். ‘தொந்தரவான சத்தம் உண்டா?’ என்ற கேள்வியில் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. ‘உண்டு. என் நெஞ்சுக்குள் டிக் டிக்’ என்று எழுதினார்.

மறுநாள் காலையிலேயே தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கோமளா ஓடிவந்தாள்.

“சார், எந்தப் புகாரா இருந்தாலும் நாங்க ரெண்டு நாள்ல சரி பண்ணியாகணும். ‘சத்தம் நின்னுடுச்சு’ன்னு இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

“அது நின்னுட்டா நான் எப்படிம்மா கையெழுத்து போடுவேன்?”

“அதான் சார், இப்பவே வாங்கிடலாம்னு வந்தேன்” என்று பேனாவைத் திறந்து நீட்டினாள்.