பழையதில் ஒரு குறையும் இல்லை

"தோள்ல வச்சுப் பாரு தம்பி," என்று துப்பாக்கியை அவன் கையில் திணித்தாள் லீட்டியா.

பானிலூ வாங்கிய வேகத்தில் அதைக் கடை மேசைமேல் திரும்ப வைத்தான். வேட்டைக்குப் போகிறவள் அண்ணி. இவன் தோளை எதற்கு அளக்கவேண்டும்?

தவிர, ஏப்ரலில் அண்ணன் செத்ததிலிருந்து அவன் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. தன்னுடையதையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பனிக்கட்டிக்கு அடியில் வலை விட்டு, கிடைத்த மீனில் காலம் ஓடுகிறது.

லீட்டியாவிடம் இருந்தது தொள்ளாயிரம் டாலர். கடல்நாய்த் தோலில் கையுறை தைத்துத் தைத்துச் சேர்த்தது. துப்பாக்கியும் தோட்டாவும் அதற்குள் அடங்கவேண்டும்.

கடைக்காரன் ஜோஸி இரண்டை எடுத்து வைத்திருந்தான். 223 என்ற சின்ன ரகம் விலை குறைவு, தோட்டாவும் மலிவு, தோளை உதைக்காது. கடல்நாய்க்கும் கலைமானுக்கும் அது போதும். 308 என்ற பெரிய ரகம் உதைக்கும், தோட்டா ஒவ்வொன்றும் காசைத் தின்னும். ஆனால் எதிரே கரடி வந்தால் கைகொடுக்கும்.

"சின்னதால கரடியச் சுட்டா, எவன்டா முதுகு சொறிஞ்சு விடுறதுன்னு திரும்பிப் பாக்கும்," என்றான் ஜோஸி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணன் ஐபிலியைக் கொன்றது கரடிதான். இரண்டு முறை விசையை இழுத்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை. 'டிக்' என்று மட்டும் கேட்டதாகக் கூடப் போனவர் சொன்னார். பழைய துப்பாக்கி காலை வாரிவிட்டது என்றது ஊர்.

காலை வாரியது யார் என்று பானிலூவுக்குத் தெரியும்.

எங்கள் இனுயிட் ஊர்களில் குளிர்காலத்தில் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வாசல் கொட்டகையின் குளிரிலேயே கிடக்கும். உள்ளே சூட்டுக்கு வந்தால் இரும்பு வியர்க்கும். மறுபடி வெளியே போனால் அந்த ஈரம் உள்ளுக்குள் உறைந்து எல்லாவற்றையும் பூட்டிவிடும். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும்.

மூன்று வருஷம் ஓட்டாவாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்திருந்த பானிலூவுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அண்ணன் செத்த அன்று மதியம், அவன் வீட்டுக் கொட்டகையில் கிடந்த துப்பாக்கியில் துருவைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. அண்ணி தேவாலயத்துக்குப் போயிருந்தாள். அண்ணன் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தான். துப்பாக்கியை அடுப்படிக்குக் கொண்டுவந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, எண்ணெய்த் துணியை அங்கேயே போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். துடைத்தாயிற்றே, இனி ஈரம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தான்.

அண்ணன் எழுந்து, தேநீர் குடித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஏழு மாதமாக இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் வாயைத் திறக்காத குற்றத்துக்கு இப்போது அண்ணி தண்டம் கட்டப்போகிறாள்.

அவள் மேலங்கியின் முதுகுப்புறத்தில், பிள்ளையைச் சுமக்கும் தொப்பிப் பைக்குள் குழந்தை அசைந்தது. அப்பா போய் இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவன். அவனுக்கும் ஐபிலி என்றே பெயர் வைத்தார்கள். பெயர் திரும்பினால் ஆளும் திரும்பி வந்தமாதிரிதான் எங்களுக்கு. லீட்டியா அவனிடம் "என்னங்க, பசிக்குதா?" என்பாள். கிழவர்கள் அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு பனி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

முறைப்படி பானிலூ அவனை அண்ணன் என்று கூப்பிடவேண்டும். ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அந்தக் கண்களை நேராகப் பார்க்கவே அவனுக்குப் பயம்.

"பெருசையே குடு," என்றாள் லீட்டியா, பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தபடி.

பானிலூ அந்தப் பணத்தை அவள் பக்கமே தள்ளினான்.

"வேணாம் அண்ணி. பழசே போதும். அதுல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்," என்றாள். "போன மாசம் நான் ரெண்டு கலைமான் சுட்டேனே, அதுலதான் சுட்டேன்."

அந்தக் கலைமானில் ஒரு தொடை அவன் வீட்டுக்கும் வந்தது. யாரிடமோ இரவல் வாங்கிச் சுட்டிருக்கிறாள் என்று நினைத்துத் தின்றான்.

"துப்பாக்கி உரிமச் சீட்டு?" என்று ஜோஸி அவளிடம் கை நீட்டினான்.

லீட்டியா தாடையால் பானிலூவைக் காட்டினாள். "அவன்கிட்ட கேளு. அவனுக்குத்தான்."

அவள் மெல்லத் திரும்பி பானிலூவுக்கு முதுகைக் காட்டினாள். தொப்பிக்குள்ளிருந்து குழந்தையின் முகம் அவனுக்கு நேரே வந்தது.

"உங்கண்ணன் உனக்கு வாங்கித் தர்றாரு. வேணாம்னா அவர்கிட்டயே சொல்லு."

பானிலூ பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். ஜோஸி சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு 308ஐ அவன் பக்கம் தள்ளினான். நல்ல கனம்.

லீட்டியா அப்படியே முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"இன்னொண்ணும் சொல்றாரு," என்றாள். "இதைக் கொட்டகையிலயே வையாம். அடுப்படிக்குக் கொண்டுபோகாதயாம்."

குழந்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரிண்ணே," என்றான் பானிலூ.