துப்பாக்கியைக் குறை சொல்லாதே

கணினித் திரைக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளி விட்டு, மருமகள் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் உள்ளே வந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டாள்.

அவள் கையில் இருந்தது பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர். கை அசைந்தால் அசைவைப் புரிந்துகொள்ளும் வகை. அதை ஆட வைக்கிற கேம் பெட்டி செத்து இரண்டு வருஷமாகிறது. திரையடியில் வைக்கிற விளக்குப் பட்டையும் எங்கோ தொலைந்துவிட்டது.

எதையும் தூக்கிப்போட மனசு வராதவள் அவள். புளூடூத்தில் கணினியோடு சேர்த்து, ஒரு சின்ன மென்பொருளையும் போட்டு, அதைத் துப்பாக்கியாக்கிவிட்டாள். கன்ட்ரோலரின் மூக்கில் ஒரு குட்டிக் கேமரா உண்டு. அது இரண்டு சுடர்களையும் பார்த்து, திரையில் எந்த இடத்தைக் குறி வைக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். லிஃப்ட் மெக்கானிக்கான அவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறொரு கவலை இருந்தது. ஆறு மாதப் பயிற்சிக்காக அவளை வேறு ஊருக்கு அனுப்பக் கம்பெனி தயார். போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர். எட்டுப் பேர் கேட்டதில் இவள் பெயர்தான் வந்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணவன் பத்து நாளாகப் பிடி கொடுக்கவில்லை. அவன் காவலர் பயிற்சிக் கூடத்தில் துப்பாக்கி சுடச் சொல்லித்தருபவன். நேற்றுச் சாப்பிடும்போது, சுடுவதில் தன்னை ஜெயித்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்று வாயை விட்டுவிட்டான். அவள் சரி என்று சொன்ன வேகத்தில் அவனுக்குப் புரையேறியது.

மாமியார் திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, இவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தை விட்டுவிட்டு ஆறு மாதம் போவதாவது என்பதுதான் பத்து நாளாக அவர் பாடும் பாட்டு. இன்றைக்கும் பல்லுக்கு ஒரு முணுமுணுப்பு என்ற கணக்கில் உரித்தார்.

மூன்று சுற்று. சுற்றுக்குப் பத்துத் தட்டுகள் திரையில் பறந்து வரும், சுட வேண்டும். இரண்டு சுற்று ஜெயிப்பவர் சொன்னபடி.

முதல் சுற்றில் அவன் ஒன்பது, அவள் ஐந்து. சுடர் ஆடுகிறது, அதனால்தான் புள்ளி நடுங்குகிறது என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். துப்பாக்கியக் குறை சொல்லாத, கையப் பாரு. என்கிட்ட வர்ற ஒவ்வொருத்தனுக்கும் இதுதான் முதல் பாடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். சுடர்கள் நிமிர்ந்தன.

இரண்டாவது சுற்றில் அவள் ஒன்பது, அவன் எட்டு. அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவதில் அவள் முதலில் சுட்டாள். எட்டு. கடைசி இரண்டு தட்டுகளும் கண்ணெதிரே தப்பிப் போயின. எட்டைத் தாண்ட அவனுக்கு ஒரு கண் போதும்.

அவன் சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகள் சிதறிக்கொண்டே போயின. ஏழு வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. மனுஷன் நிற்கிற நிலையே அழகாக இருந்தது. இந்த நேரத்தில் போய் இவனை ரசிக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

எட்டாவது தட்டு கிளம்பியது. அவனுடைய புள்ளி சடாரென்று திரையின் மூலைக்கு ஓடியது.

அவன் கன்ட்ரோலரைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டு, தன் கையைப் பார்த்தான்.

ஒன்பதாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே.

மெழுகுவத்தி உருகியிருக்கும், இன்னொரு தடவை ஆடலாம் என்று அவளே சொன்னாள். அவன் கேட்கவில்லை. ஊருக்குச் சொல்கிற பாடம் தனக்கு மட்டும் இல்லையா என்று சொல்லிவிட்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் சூப்பர்வைசரிடம் நீட்டினான். சிரிப்பு முதலில் உதட்டோடு நின்றது. பிறகு நிஜமாகவே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து அவன் குரல் கேட்டது. யாரிடமோ போனில், தன் பொண்டாட்டி தன்னையே ஜெயித்துவிட்டாள் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெழுகுவத்திகளை ஊதி அணைக்கக் குனிந்தாள்.

பூண்டுத் தட்டுக்கு அடியில் மாமியாரின் இடது கை இருந்தது. அந்தக் கையில் டிவி ரிமோட் இருந்தது. டிவி ஓடவே இல்லை.

ரிமோட்டின் நுனியிலும் ஒரு விளக்கு உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலரின் கேமராவுக்கு அது இன்னொரு சுடர். காலையில் இவள் சோதித்துப் பார்த்தபோது, மாமியார் சேனல் மாற்றப் போய்ப் புள்ளி தறிகெட்டு ஓடியதும், அதற்கு இவள் வீடே அதிரக் கத்தியதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அத்தை, நீங்களா?"

மாமியார் ரிமோட்டை முக்காலியில் வைத்துவிட்டு, புடவையில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டார்.

"நீ போறது எனக்கு இப்பவும் பிடிக்கலதான். அத நாம ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போட்டுத் தீத்துக்கலாம். அதுக்காக, ஒருத்தியோட வேலைய முடிவு பண்றதுக்கு இது என்ன பலூன் சுடுற கடையா?"