ஷஹாத்தாவைக் கூப்பிட்ட குரல்

"யாரும் பேசாதீங்கப்பா, இப்பத்தான் அவ வரப்போறா!" என்று ஓட்டுநர் கதைச் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

மன்சூரா டவுனில் கிளம்பிய வேன், கால்வாயை ஒட்டிய சாலையில் குலுங்கிக்கொண்டு போனது. கடைசி வரிசையில் நிவீனும் ரதீபாவும் தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளியாக வரும் நிவீனை அழைத்துப்போக ரதீபாவே டவுனுக்கு வந்திருந்தாள். அவள் மடியில் எள் ரொட்டிப் பை.

ஓடிக்கொண்டிருந்தது நிவீனின் கதை. நாட்டுக் கதைகளையும் பழைய சரித்திரத்தையும் எடுத்து, கொஞ்சம் கற்பனை கலந்து, ஆள் குரலும் ஓசைகளும் சேர்த்துப் போனில் கேட்கிற மாதிரி செய்வது அவள் தொழில். கதைக்காரி வண்டிக்குள்ளேயே இருப்பது ரதீபாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஓட்டுநர் அதைப் போட்டதும் நிவீனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று.

எந்தக் கதை என்று காதில் விழுகிற வரைக்கும்.

நத்தாஹாவின் கதை. கால்வாய்க் கரையில் நின்று ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மோகினி. அந்தக் குரலுக்குப் போனவனைத் தண்ணீரிலிருந்துதான் எடுப்பார்கள். ரதீபாவின் புருஷன் ஷஹாத்தாவை அவள்தான் கொண்டுபோனாள் என்று ஊரே சொல்லும்.

போன வருஷம் நிவீன் அந்த ஊருக்கு வந்தாள். ரதீபா அறுத்துச் சமைத்த வாத்தைச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கை காய்வதற்குள், "அக்கா, அவ கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளை வாய்விட்டுப் புருஷன் பேரைச் சொல்வாள்? பிள்ளை பேரைச் சொல்லி, ஸாபரோட அப்பா என்றுதான் கூப்பிடுவாள். ரதீபா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பதிவு செய்து, மோகினியாகப் பேசுகிற நடிகைக்குப் போட்டுக் காட்டத்தான், வேறு ஒருத்தர் காதிலும் விழாது என்று நிவீன் சத்தியம் பண்ணினாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ரதீபா கூப்பிட்டாள்.

நடிகைக்கு அது கடைசி வரை வரவில்லை.

இந்த நிவீன் அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? ரதீபாவின் குரலையே எடுத்து மோகினிக்கு வைத்துவிட்டாள். அதற்காகக் கதாநாயகனுக்கும் ஷஹாத்தா என்றே பேர். சத்தியமாவது மண்ணாவது! கேட்டவர்கள் எல்லாம் அந்த ஓர் இடத்தைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இவளும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது கூசியது. உடம்பெல்லாம் கூசியது.

ஏனென்றால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பயூமி, ஷஹாத்தாவின் அண்ணன். அவர் வீட்டில்தான் ரதீபா இருக்கிறாள், அவர் போடுகிற சோற்றில்தான். குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தால், என் தம்பி பேரைப் பேயின் வாயில் வைத்தவள் என்று அவளை வாசலோடு அனுப்பிவிடுவார்.

நிறுத்தச் சொல்ல நிவீன் வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்பார்களே. மூடிக்கொண்டாள்.

ரதீபாவின் காதிலாவது சொல்லலாம். அதற்கும் நாக்கு எழவில்லை. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தவளைச் சத்தம் வந்தது. தண்ணீர்ச் சத்தம் வந்தது.

"ஷஹாத்தா!"

ரதீபா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

பயூமி ஓட்டுநரின் கையைப் பிடித்தார். "நிறுத்துய்யா!"

வண்டி ஓரமாக நின்றது. முடிந்தது கதை என்று நிவீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதே குரல்தான்" என்றார் பயூமி. அவர் அழுதுகொண்டிருந்தார். "என் தம்பி செத்த அன்னிக்கு நான் வயல்ல நின்னேன். கண்ணுக்கு ஆள் தெரியல, குரல் மட்டும் கேட்டுது. இதே குரல், அட்சரம் மாறல. ஒருத்தராவது நம்புனீங்களாய்யா? இப்ப நீங்களே கேட்டுக்குங்க!"

"அல்லா காப்பாத்தணும்! நெசப் பேயையே பிடிச்சுப் போட்டுட்டாங்க போல" என்றார் ஓட்டுநர்.

பிழைத்தோம் என்றுதான் நிவீனுக்கு முதலில் இருந்தது. பெரியவர் அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பார்? அவர் முன்னால் ரதீபா குரலை உயர்த்தியதே கிடையாது.

அப்புறம்தான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ரதீபா தலையைக் குனிந்தபடி பைக்குள் கைவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பை நிறையத் தூள்.

"இன்னொரு தடவை போடு தம்பி" என்றார் பயூமி.

ஓட்டுநர் போட்டார். தவளை, தண்ணீர், அந்தக் குரல். மோகினிக்கு என்று நிவீன் தேர்ந்தெடுத்த அந்தக் குரலில் மயக்குகிற வேலை எதுவும் இல்லை. அக்கரையில் நிற்கிறவனை ஒரு பெண்டாட்டி கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். இத்தனை நாள் அது இவள் காதில் விழவேயில்லை.

அவள் ரதீபாவின் கையைப் பிடிக்கப் போனாள். ரதீபா கையை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அக்கரையில நின்னவரை ஸாபரோட அப்பான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேம்மா, திரும்பல" என்றாள், நிவீனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "சோறு ஆறுதேன்னு பேரைச் சொல்லிட்டேன். பாலத்து வழியா சுத்தி வர வேண்டிய மனுஷன், சிரிச்சுக்கிட்டே தண்ணியில இறங்கிட்டாரு."