அறுபத்தொரு புகார்

"கையெழுத்தா? முடியாது!"

சாவிக் கடைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

நீட்டிய தாளை மடக்காமல் நின்றார் வார்டன் அம்மா. வீடில்லாதவர்களுக்காக நகராட்சி நடத்தும் விடுதி அவர் பொறுப்பில் இருந்தது. விடுதிக்கு அடுத்த கதவு சாவிக் கடைக்காரருடையது. முன்னால் கடை, பின்னால் வீடு.

"அண்ணே, மாநிலத்துல புதுச் சட்டம் கொண்டு வர்றாங்க. ஒரு விடுதி மேல வருஷத்துக்கு அம்பது புகார் வந்தா இழுத்து மூடணுமாம். ஊர்க்காரங்க வேணும்னு சொன்னாலும் நடத்தக் கூடாதாம். கருத்துக் கேக்க நாளைக்கு ஒரு குழு வருது. சட்டம் வேண்டாம்னு இருநூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"போடட்டும். இனிக்க இனிக்கப் பேசவும் பேசுவாங்க. எனக்கு அது வராது. நான் சொல்ல வேண்டியதை நேர்ல வந்து சொல்லிக்கிறேன். முதல்ல உங்க ஆளுங்களை விடிய விடிய இருமாம இருக்கச் சொல்லுங்க. மனுஷன் தூங்க வேண்டாமா?"

வார்டன் அம்மா வாயைத் திறப்பதற்குள் அரம் மறுபடியும் கிறீச்சிட்டது.

விடுதி வாசலிலேயே சமையல்காரர் காத்திருந்தார்.

"புகார்ப் பெட்டி என்ன சொல்லிச்சு?"

ஊரில் சாவிக் கடைக்காரருக்கு அதுதான் பெயர். வாரம் ஒரு புகாராவது நகராட்சிக்கு எழுதாவிட்டால் அவர் பேனாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பார்கள்.

"போட மாட்டாராம்."

"எப்படிப் போடுவாரு? இந்த வருஷம் நம்ம விடுதியைப் பத்தி வந்த புகார் அறுபத்தொண்ணாம். அத்தனையும் அவரே எழுதினதாம். நகராட்சி எழுத்தர் சொன்னாரு."

வார்டன் அம்மா விடுதிக்குள் போனார். உள்ளே நாற்பத்திரண்டு கட்டில்கள். மூடிவிட்டால் நாற்பத்திரண்டு பேரும் எங்கே போய்ப் படுப்பார்கள்?

விடுதிக்காரர்களைக் கூப்பிட்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. யாரும் அவர் கடைப் பக்கமே போகக் கூடாது. அவர் கண்ணுலயே படக் கூடாது."

எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் நகராட்சிக் கூடத்துக்கு, கையெழுத்துப் போட்ட இருநூறு பேரில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு வேலை இருந்தது. பின்வரிசையில் சமையல்காரரும் விடுதிக்காரர்களும். சாவிக் கடைக்காரர் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சட்டத்தோட முன்னுரையில உங்க ஊரைத்தான் உதாரணமாக் காட்டியிருக்கோம். ஒரே விடுதி, ஒரே வருஷம், அறுபத்தொரு புகார்! அக்கம்பக்கத்து ஜனங்க படற அவஸ்தைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

வார்டன் அம்மா எழுந்தார்.

"ஐயா, அதுல ஒண்ணையாவது படிச்சுக் காட்டுங்க. என்ன குத்தம்னு தெரிஞ்சாத்தானே பதில் சொல்ல முடியும்?"

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கோப்பைப் பார்த்தார்.

"ஐயா, நாங்க எண்ணிக்கையைத்தான் அனுப்பினோம். பொருள்னு இருக்கற இடத்துல விடுதின்னு எழுதியிருந்தா, விடுதி மேல புகார்னு பதிஞ்சுடுவோம். அதுதான் வழக்கம்."

"உள்ளே படிக்கலையா?"

"பொருள் வரைக்கும் படிச்சோங்க."

"இப்ப மிச்சத்தையும் படிங்க."

எழுத்தர் முதல் தாளை எடுத்தார்.

"'விடுதியில் ஏழு பேருக்கு விடாத இருமல். மருத்துவரை அனுப்பச் சொல்லி மூன்று முறை எழுதியும் நகராட்சி அசையவில்லை.'"

அடுத்த தாள்.

"'பெண்கள் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாளைக்குள் போடாவிட்டால் நானே வந்து போடுவேன்.'"

அடுத்தது.

"'பதினெட்டாம் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. படுப்பவர் குடை பிடித்துக்கொண்டு தூங்குகிறார்.'"

யாரோ சிரித்தார்கள். தலைவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, தானே புரட்டினார்.

"'சமையலில் உப்பு தூக்கல். சொன்னால் சமையல்காரர் கோபித்துக்கொள்கிறார்.'"

"நானா?" என்று பின்வரிசையில் சமையல்காரர் கோபித்துக்கொண்டார்.

அறுபத்தொரு தாளையும் புரட்டி முடித்தபோது தலைவருக்கு வியர்த்திருந்தது.

"இதுல ஒண்ணுகூட விடுதி ஜனங்க மேல இல்லையேப்பா. எல்லாம் நகராட்சி மேலதானே இருக்கு! முன்னுரையை எடுத்துட்டா நம்ம சட்டத்துல மிச்சம் என்ன இருக்கு?"

"அட்டைதாங்க ஐயா" என்றார் பக்கத்திலிருந்த உறுப்பினர்.

தலைவர் சிவப்பு மையால் முன்னுரையை மூலைக்கு மூலை அடித்தார். "இதை வச்சுக்கிட்டு சட்டசபைக்குப் போனா சிரிப்பாச் சிரிப்பாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, சாவிக் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க அந்த விடுதியில சாப்பிட்டிருக்கீங்களா?"

"எனக்கென்ன தலையெழுத்தா? வீட்டுல சமைக்கிறாங்க."

"அப்புறம் உப்பு தூக்கல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடறவங்க கடைக்கு வந்து சொன்னாங்க. எழுதினேன்."

வார்டன் அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். விடுதிக்காரர்கள் எல்லாரும் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் விடவில்லை. "அவங்க புகாரை அவங்க பேர்லயே குடுத்திருக்கலாமே? நீங்க எதுக்குக் கெட்ட பேர் வாங்கணும்?"

சாவிக் கடைக்காரருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நகராட்சிப் படிவத்தை எடுத்துப் பாருங்க சார். கதவு எண் இல்லாத புகாரை வாங்க மாட்டோம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. விடுதி எண்ணைப் போட்டா, 'அது எங்க கட்டடம், உன் வீடு இல்லை'ன்னு திருப்பி அனுப்பறாங்க. அவங்களுக்குன்னு கதவு ஏது? அதான் என் கதவைக் குடுத்தேன்."