பூட்டிய வீடு

அந்த வீட்டுத் தாழ்ப்பாளுக்குக் கர்வம் அதிகம். அப்பா அதை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்க்காமல் கதவை விட்டு நகரமாட்டார்.

அன்று சாயங்காலம் ஒன்பது வயது மகிழினி கூடத்தில் நின்றிருந்தாள். அவள் கண்களை மறைத்தபடி விளையாட்டுக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நடமாடலாம்.

"பிள்ளை யாரோட பேசுது? நான் யாரையும் உள்ள விடலையே," என்றது தாழ்ப்பாள்.

"இங்க எனக்குள்ள ஒரு ஆள் வந்திருக்கான் அண்ணே," என்றது கண்ணாடி. "முயல் வேஷம் போட்டிருக்கான். குரல் தடியன் குரல்."

"வெளிய தள்ளு அவனை! உனக்குன்னு ஒரு தாழ்ப்பாள் கிடையாதா?"

"இருக்கு. அரசாங்கமே சட்டம் போட்டு மாட்ட வெச்சாங்க. அதைப் போட்டா பிள்ளைங்க கிட்ட அந்நியன் யாரும் வர முடியாது, பேசவும் முடியாது."

"அப்புறம் என்ன? போடேன்!"

"பிள்ளைங்களுக்கு மட்டும்தான் அது விழும். முதல் நாள் நான் வயசு கேட்டேன். உள்ளதைச் சொன்னா இந்த விளையாட்டு திறக்காது. இவ அழுதா. அப்பாதான் இருபத்தொண்ணுன்னு போட்டுக் கொடுத்தார்."



மகிழினி பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது. "கிட்ட வராதீங்க அங்கிள்!" என்று கத்தினாள்.

சமையலறையிலிருந்து அப்பா ஓடி வந்தார். நேராகக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது.

"இங்க யாரும் இல்லடா கண்ணு. நீ விளையாடு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.