கறுப்பு ஸ்வெட்டரின் ராசி

"உடுப்புத் தோய்க்கிற பவுடர் பழங்காலத்து ஆக்களுக்கு. படிச்சவை இப்ப புதிசா வந்திருக்கிற லிக்விட்தான் பாவிப்பினம்," என்று லண்டன் நோர்பரிக் கடைக்குள் முழங்கினார் பத்மநாதன். மறுநாள் கோயில் சபைக்குத் தலைவர் தேர்தல். அவர் வேட்பாளர்.

"இந்த ஒருக்கா பவுடரே இருக்கட்டுமப்பா," என்று கெஞ்சினாள் மனைவி சிவகௌரி. "உங்கட கறுப்பு ஸ்வெட்டருக்கு அதுதான் ராசி."

"தலைவராகப் போறவனுக்கு நீர் வகுப்பெடுக்கிறீரோ?"

லிக்விட் போத்தல் கூடைக்குள் விழுந்தது.

மறுநாள் கோயிலுக்குப் போட்டுப்போன ஸ்வெட்டர் கன்னங்கரேலென்று இருந்தது. பத்மநாதன் தோற்றுப்போனார். வருடக்கணக்காக அவரைக் கண்டதும் கைகூப்பிய சனம், எதிர் வேட்பாளர் பாலேந்திராவுக்குக் கை உயர்த்திவிட்டது.

வாசலில் ஒரு பெரியவரை மறித்தார். "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"குறை நினையாதையும் தம்பி. முந்தியெல்லாம் உம்மட நெஞ்சு முழுக்கத் திருநீறு சிந்திக் கிடக்கும். பார்த்தாலே கும்பிடத் தோன்றும். இண்டைக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. பதவி வர முந்தியே பக்தி போயிட்டுது எண்டு சனம் கதைச்சுது."

பத்மநாதன் விழித்தார். அவர் நெற்றியில் பூசுவதே ஒரு மெல்லிய கீற்றுத்தான். அது நெஞ்சுவரை சிந்த வழியில்லை.

காரில் ஏறியதும் சிவகௌரி வாயைத் திறந்தாள்.

"கரண்ட் பில் கூடுமெண்டு குளிர் தண்ணியில தோய்க்கச் சொன்னது நீங்கள். அதில பவுடர் எங்கையப்பா கரையிறது?"